நள்ளிரவில் மாறும் புதிர்

இ.சி.இ. இரண்டாம் ஆண்டு மாணவன்

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்துவிட்டால் நம்ம ஹாஸ்டலில் முதலில் காணாமல் போவது குறுக்கெழுத்துப் பக்கம்தான். ஒருத்தன் பேனாவோடு உட்காருவான். நாலு பேர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து ஆளுக்கொரு விடை சொல்லுவார்கள். கடைசியில் கட்டம் முழுக்க அடித்தல், திருத்தல்! இப்போது செல்போனிலும் தினம் ஒரு சொல் புதிர் வருகிறது. ராத்திரி பன்னிரண்டு மணி ஆனால் பழைய புதிர் போய்ப் புதுப் புதிர். விடை கிடைக்காவிட்டால் நமக்கு ஒன்றும் குடி முழுகிப் போகாது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிடுவோம்.

ஆனால் விடை கிடைக்காவிட்டால் கப்பல்கள் மூழ்கும், அதில் உள்ள மாலுமிகள் சாவார்கள் என்ற நிலையில் தினம் ஒரு புதிரோடு மல்லுக்கட்டிய மனிதர் ஒருவர் இருந்தார். அவர் புதிரும் நள்ளிரவில் மாறிவிடும். அவர்தான் ஆலன் டூரிங். கம்ப்யூட்டர் பாடத்தில் டூரிங் மெஷின் என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோமே, அதே டூரிங். அவர் எப்படி வாழ்ந்தார், எந்த முறையில் புதிரை அவிழ்த்தார், கடைசியில் அவருக்கு என்ன ஆனது என்பதை நண்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

போத்தனூர் அம்மாவின் பிள்ளை

டூரிங் வெள்ளைக்காரர்தான். ஆனால் அவருடைய அம்மா ஈதல் சாரா பிறந்தது நம்ம கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூரில், 1881ஆம் ஆண்டு. அம்மாவின் அப்பா எட்வர்ட் ஸ்டோனி மதராஸ் ரயில்வேயில் தலைமை இன்ஜினியர். டூரிங்கின் அப்பா ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் பிறந்தது குன்னூரில். ஆலன் மட்டும் 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தார்.

பெற்றோர் வேலைக்காக இந்தியா திரும்பிவிட்டார்கள். குழந்தைகள் இரண்டும் இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டில் வளர்ந்தன. அப்பா அம்மா லீவுக்கு வரும்போது பார்ப்பதுதான். சின்ன வயதிலேயே தனியாக யோசிக்கும் பழக்கம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பதின்மூன்று வயதில் ஷெர்போர்ன் பள்ளியில் சேரப் புறப்பட்ட நேரம் பார்த்து, 1926ஆம் ஆண்டு நாடு முழுவதும் பொது வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. பையன் என்ன செய்தான் தெரியுமா? சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு, வழியில் ஒரு ராத்திரி தங்கி, சுமார் 95 கிலோமீட்டர் மிதித்துப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான்.

பள்ளியில் நல்ல பிள்ளை என்று பேர் வாங்கவில்லை. கையெழுத்து கோழி கிளறின மாதிரி. லத்தீனில் ஆர்வமில்லை. கணக்கில் மட்டும் யாரும் சொல்லித்தராத வழியில் விடை கொண்டுவருவான். அங்கே கிறிஸ்டோபர் மார்காம் என்ற மாணவன் உயிர் நண்பனானான். இருவரும் வானியலும் கணக்கும் பேசித் தீர்க்க மாட்டார்கள். 1930 பிப்ரவரியில் அந்த நண்பன் காசநோயால் இறந்துபோனான். நண்பன் செய்ய நினைத்ததை இனி தான் செய்ய வேண்டும் என்று டூரிங் படிப்பில் இறங்கினார். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்து, 22 வயதிலேயே அதே கல்லூரியின் ஃபெலோ ஆனார். 1936இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில்தான், முடிவில்லாத காகித நாடா ஒன்றில் கட்டம் கட்டமாக எழுதியும் அழித்தும் எந்தக் கணக்கையும் போடக்கூடிய இயந்திரம் என்ற கற்பனை வந்தது. இன்று நம்ம லேபில் இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அதுதான் தாத்தா.

எனிக்மா என்ற எமன்

1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. மறுநாளே டூரிங் பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் ஆஜரானார். வெளியே பார்த்தால் பழைய பங்களா. உள்ளே ஜெர்மனியின் ரகசியச் செய்திகளை உடைக்கும் வேலை.

ஜெர்மானியர் செய்திகளை ரகசியமாக்கப் பயன்படுத்திய கருவியின் பெயர் எனிக்மா. பெயருக்கே புதிர் என்றுதான் அர்த்தம்! பார்ப்பதற்கு டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். ஓர் எழுத்தை அழுத்தினால் வேறோர் எழுத்தின் மேல் விளக்கு எரியும். உள்ளே மூன்று ரோட்டார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ரோட்டார் ஒரு படி நகர்ந்துவிடுவதால் மின்சாரம் போகும் பாதையும் மாறிவிடும். ஒரே எழுத்தை இரண்டு தடவை அழுத்தினாலும் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு எழுத்துகள் எரியும்.

கணக்கைப் பாருங்கள். ஐந்து ரோட்டார்களில் மூன்றை எடுத்து வரிசைப்படுத்த 60 வழிகள். மூன்று ரோட்டார்களும் நிற்கக்கூடிய நிலைகள் 17,576. இது போதாதென்று முன்பக்கத்தில் ஒரு பிளக் போர்டு. பத்து வயர்களால் எழுத்துகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட அதில் சுமார் 150 லட்சம் கோடி வழிகள். இந்த மூன்றையும் பெருக்கினால் வரும் எண்ணை ஒவ்வொன்றாகச் சோதிக்க யாராலும் முடியாது. நள்ளிரவு ஆனால் இந்த அமைப்பு முழுவதையும் மாற்றிவிடுவார்கள். நேற்று பட்ட பாடு இன்றைக்கு உதவாது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. எனிக்மாவை முதலில் உடைத்தவர்கள் போலந்துக் கணிதர்கள் மூவர்: மரியன் ரெயெவ்ஸ்கி, யெர்சி ருஜிட்ஸ்கி, ஹென்ரிக் சிகால்ஸ்கி. 1932 கடைசியிலேயே உடைத்துவிட்டார்கள். போர் வரப்போகிறது என்று தெரிந்ததும், 1939 ஜூலையில் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு ஜெர்மானியர் முறையை மாற்றியதால் போலந்துக்காரர்களின் வழி அடைபட்டது. புது வழி தேவைப்பட்டது. அதைத்தான் டூரிங் போட்டார்.

முதல் உபாயம்: தெரிந்த சொல்லைப் பிடி

குறுக்கெழுத்தில் நாம் என்ன செய்கிறோம்? நன்றாகத் தெரிந்த சொல்லை முதலில் போட்டுவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு மற்றதுக்குப் போகிறோம். டூரிங்கும் அதையேதான் செய்தார்.

ஜெர்மானியர் ஒழுங்கானவர்கள். ஒழுங்கே அவர்களுக்கு வினையானது. தினமும் குறிப்பிட்ட நேரத்தில் வானிலை அறிக்கை அனுப்புவார்கள். அதில் வானிலையைக் குறிக்கும் வெட்டர் என்ற ஜெர்மன் சொல் கட்டாயம் இருக்கும். சில நிலையங்கள் விசேஷம் ஒன்றும் இல்லை என்பதையே தினமும் மாறாத வாசகத்தில் அனுப்பும். இப்படிச் செய்திக்குள் இருந்தே தீரும் என்று ஊகிக்கும் சொல்லுக்குப் பிளெட்ச்லியில் கிரிப் என்று பெயர். இங்கிலாந்துப் பள்ளிப் பையன்கள் பாஷையில் கிரிப் என்றால் என்ன தெரியுமா? நாம் பரீட்சையில் பிட் என்கிறோமே, அதேதான்!

இரண்டாவது உபாயம்: முடியாததைத் தள்ளு

சரி, சொல் இருக்கிறது. நீளமான ரகசியச் செய்தியில் அது எந்த இடத்தில் இருக்கிறது? இங்கேதான் எனிக்மாவின் ஒரு பலவீனம் கைகொடுத்தது. அதன் உள்ளமைப்பின்படி எந்த எழுத்தும் தானாகவே வெளியே வராது. அ என்று அழுத்தினால் வேறு எது வேண்டுமானாலும் எரியும், அ மட்டும் எரியாது.

தமிழ் எழுத்தில் ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். நம்மிடம் சிக்கிய ரகசிய வரி இது:

ப த ம ர க ன ட ம

இதற்குள் த க ர ம என்ற நாலு எழுத்துச் சொல் ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டுத் தாளில் சொல்லை எழுதி, வரிக்குக் கீழே ஒவ்வோர் இடமாக நகர்த்துங்கள். மொத்தம் ஐந்து இடங்கள். இரண்டாம் இடத்தில் வைத்தால் த மேல் த வருகிறது. தள்ளு! நான்காம் இடத்தில் க மேல் க. தள்ளு! ஐந்தாம் இடத்தில் ம மேல் ம. அதையும் தள்ளு! பாக்கி முதலாவதும் மூன்றாவதும்தான். எந்த இயந்திரமும் இல்லாமல், ஐந்தில் மூன்று போயே போச்சு.

செல்போன் புதிரிலும் இதே கதைதான். சாம்பல் நிறம் விழுந்தால் சே என்று அலுத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்தச் சாம்பல் நிறம், இந்த எழுத்து எங்கேயும் இல்லை என்று அடித்துச் சொல்லி, அந்த எழுத்து உள்ள எல்லாச் சொற்களையும் ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுகிறது.

மூன்றாவது உபாயம்: முரண்பாட்டைத் தேடு

இனிதான் டூரிங்கின் மூளை. பிளக் போர்டின் 150 லட்சம் கோடி வழிகளை என்ன செய்வது? அவர் அதைச் சோதிக்கவே இல்லை. ரோட்டார்கள் இந்த நிலையில் நிற்கின்றன என்று முதலில் வைத்துக்கொள். பிளக் போர்டில் அ என்ற எழுத்து க என்ற எழுத்தோடு ஜோடி என்றும் வைத்துக்கொள். அப்படியானால் கிரிப் சொல்லின் வழியாக இன்னோர் எழுத்தின் ஜோடி தெரியும், அதிலிருந்து இன்னொன்று... இப்படியே சுற்றிக்கொண்டு மறுபடி அ-விடமே வந்து, அ-வின் ஜோடி ச என்று வந்தால்? ஓர் எழுத்துக்கு ஒரு வயர்தான் செருக முடியும். ஆக முரண்பாடு. ஆரம்ப ஊகம் தப்பு.

அது மட்டுமா? அந்தத் தப்பான ஊகத்திலிருந்து வழியில் வந்த ஜோடிகள் எல்லாமே தப்பு. ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. தவறான நிலையில் ஒரு வயரில் மின்சாரம் கொடுத்தால் பெரும்பாலும் 26 வயர்களுக்கும் பாய்ந்துவிடும். அப்படியென்றால் இந்த நிலை வேண்டாம், அடுத்ததுக்குப் போ. ஏதாவது ஒரு நிலையில் மின்சாரம் எல்லா வயருக்கும் பரவாமல் நின்றால், இயந்திரமும் நிற்கும். அங்கே ஒருவேளை விடை இருக்கலாம். பிறகு மனிதர்கள் கையால் சரிபார்ப்பார்கள்.

இந்த யோசனையில் உருவான இயந்திரத்தின் பெயர் பாம். ஹரால்ட் கீன் என்ற இன்ஜினியர் லெட்ச்வொர்த் தொழிற்சாலையில் கட்டிக் கொடுத்தார். முதல் இயந்திரம் 1940 மார்ச்சில் வந்து சேர்ந்தது. எடை சுமார் ஒரு டன். கார்டன் வெல்ச்மன் என்ற இன்னொரு கணிதர் அதில் ஒரு குறுக்கு இணைப்புப் பலகையைச் சேர்த்ததும் வேகம் பலமடங்கு கூடியது. போர் முடிவதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட பாம் இயந்திரங்கள் ஓடின. இரவு பகலாக அவற்றை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் கடற்படையில் சேர்ந்த இளம் பெண்கள். ரிலே, வயரிங், கன்டினியூட்டி என்று நாம் லேபில் படிக்கிறதெல்லாம் அங்கே உயிர் காக்கும் வேலை செய்தது.

நான்காவது உபாயம்: துளித்துளியாய்ச் சேர்

கடற்படை எனிக்மா இன்னும் கஷ்டம். எட்டு ரோட்டார்களில் மூன்று என்பதால் 336 வரிசைகள். அத்தனையையும் ஓட்ட அப்போது இயந்திரங்கள் போதாது. யாருமே தொடத் தயங்கிய அந்த வேலையை டூரிங் எட்டாம் எண் குடிலில் எடுத்துக்கொண்டார்.

இதற்காக அவர் வகுத்த முறையில், நீளமான தாள்களில் செய்தியின் எழுத்துகளை ஓட்டைகளாகக் குத்துவார்கள். ஒரு தாளின் மேல் இன்னொன்றை நகர்த்தி, எத்தனை ஓட்டைகள் பொருந்துகின்றன என்று எண்ணுவார்கள். ஒரு பொருத்தம் எதையும் நிரூபிக்காது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மதிப்பெண் போட்டுக் கூட்டிக்கொண்டே வந்தால், எந்த ரோட்டார் இருக்க முடியாது என்று தெரியவரும். இயந்திரத்தில் ஏற்றும் முன்பே பேப்பரில் பாதிக்கு மேல் தள்ளுபடி! தாள்கள் பான்பரி என்ற ஊரில் அச்சானதால் இந்த முறைக்கே பான்பரிஸ்மஸ் என்று பெயர். அதில் கெட்டிக்காரியாக இருந்தவர் ஜோன் கிளார்க். அவருக்கும் டூரிங்குக்கும் 1941இல் நிச்சயதார்த்தம் ஆனது. தன் மனம் ஆண்களை நாடுவது என்பதை டூரிங் அவரிடம் மறைக்கவில்லை. பிறகு நிச்சயம் முறிந்தது. நட்பு நிலைத்தது.

1941 நடுவில் கடற்படைச் செய்திகளைச் சுடச்சுடப் படிக்க முடிந்தது. நீர்மூழ்கிகள் எங்கே காத்திருக்கின்றன என்று தெரிந்ததால், உணவும் எண்ணெயும் ஏற்றி வந்த கப்பல் கூட்டங்களை வேறு பாதையில் திருப்பிவிட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் ஆள் பற்றாக்குறையால் வேலை தேங்கியபோது, டூரிங் உள்பட நான்கு பேர் மேலதிகாரிகளைத் தாண்டிப் பிரதமர் சர்ச்சிலுக்கே கடிதம் எழுதினார்கள். சர்ச்சில் உடனே கேட்டதைக் கொடுக்க உத்தரவிட்டார்.

சொல் புதிர் போடுகிறவர்களின் மதிப்பை அரசும் உணர்ந்திருந்தது. 1942 ஜனவரியில் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை, 12 நிமிடத்தில் குறுக்கெழுத்தை முடிப்பவர்கள் யார் என்று ஒரு போட்டி வைத்தது. பிறகு அதில் கலந்துகொண்ட சிலருக்குப் போர்த்துறையிலிருந்து கடிதம் போனது!

பத்து மாத இருட்டு

1942 பிப்ரவரியில் அட்லாண்டிக் நீர்மூழ்கிகளின் எனிக்மாவில் நான்காவது ரோட்டாரைச் சேர்த்தார்கள். பிளெட்ச்லிக்குக் கண் கட்டிவிட்ட மாதிரி ஆயிற்று. பத்து மாதம் அந்தச் செய்திகள் புரியவில்லை. கப்பல்கள் மூழ்கிக்கொண்டே இருந்தன. புதிருக்கு விடை தெரியாத நாளின் விலை இதுதான்.

அந்த அக்டோபர் 30 இரவு, மத்தியதரைக் கடலில் சேதமடைந்து மூழ்கிக்கொண்டிருந்த யு-559 என்ற நீர்மூழ்கிக்குள் ஃபாசன், கிரேசியர் என்ற இரண்டு பிரிட்டிஷ் கடற்படையினர் இறங்கினார்கள். குறியீட்டுப் புத்தகங்களை மேலே கொடுத்துவிட்டு, கப்பலோடு மூழ்கிப் போனார்கள். வாங்கிக் கொடுத்துத் தப்பி வந்த டாமி பிரவுன், வயதை மறைத்து வேலைக்குச் சேர்ந்த 16 வயசுப் பையன். நம்மைவிடச் சின்னவன்! அந்தப் புத்தகங்களில் ஒன்று வானிலைச் செய்திக்கானது. மறுபடியும் வானிலை, மறுபடியும் கிரிப். டிசம்பரில் இருட்டு விலகியது.

விசித்திர மனிதர்

டூரிங்கைப் பற்றிப் பிளெட்ச்லியில் கதை கதையாய்ச் சொல்லுவார்கள். அவர் சைக்கிள் செயின் அடிக்கடி கழன்றது. கடைக்குப் போகாமல், எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை கழல்கிறது என்று எண்ணிக் கணக்குப் போட்டு, அந்த நேரம் வரும்போது சமாளித்து ஓட்டினார். மகரந்த ஒவ்வாமை இருந்ததால் விஷவாயு முகமூடி மாட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். பணம் மதிப்பிழந்துவிடும் என்று வெள்ளிக் கட்டிகள் வாங்கி மண்ணில் புதைத்தார். இடத்தைக் குறியீட்டில் எழுதி வைத்தார். பிறகு தானே செய்த உலோகம் காட்டும் கருவியோடு தேடியும் கிடைக்கவில்லை. எனிக்மாவை உடைத்தவருக்கு சொந்தப் புதிர் பிடிபடவில்லை!

ஓட்டத்தில் கில்லாடி. 1947இல் மாரத்தானை 2 மணி 46 நிமிடத்தில் ஓடினார்.

நாடு செய்த கைம்மாறு

போருக்குப் பிறகு கம்ப்யூட்டர் வடிவமைத்தார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை 1950இல் ஒரு கட்டுரையாக எழுதினார். இன்று எல்லோரும் பேசுகிற செயற்கை நுண்ணறிவுக்கு அது ஒரு ஆரம்பம்.

1952இல் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. அவரே போலீசில் புகார் கொடுத்தார். விசாரணையில் இன்னோர் ஆணோடு தமக்கு உறவு இருந்ததை மறைக்காமல் சொன்னார். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி அது குற்றம். சிறைக்குப் போவதா, ஹார்மோன் மருந்தா என்ற நிலையில் மருந்தை ஏற்றுக்கொண்டார். ஒரு வருஷம் அந்த மருந்து அவர் உடம்பை வதைத்தது. ரகசிய வேலைக்கான அனுமதியையும் பறித்துவிட்டார்கள். இத்தனை கப்பல்களைக் காப்பாற்றியவர் என்று கோர்ட்டில் சொல்லக்கூட வழியில்லை. எல்லாம் ரகசியம்!

1954 ஜூன் 7 அன்று சயனைடு விஷத்தால் இறந்தார். 42 வயது நிறைய இரண்டு வாரம் பாக்கி. தற்கொலை என்றது விசாரணை. அம்மா மட்டும், ரசாயனச் சோதனையில் நேர்ந்த விபத்து என்றே கடைசிவரை நம்பினார். போத்தனூரில் பிறந்த அந்தத் தாய் 1959இல் மகனின் வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதினார். அதில் எனிக்மாவை உடைத்த கதை கிடையாது. 1974இல்தான் பிளெட்ச்லி ரகசியம் புத்தகமாக வெளியே வந்தது.

2009இல் பிரதமர் கார்டன் பிரவுன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013இல் அரச மன்னிப்பு கிடைத்தது. 2021இல் 50 பவுண்டு நோட்டில் அவர் படம் வந்தது. அவர் அதையெல்லாம் பார்க்க இல்லை.

நமக்கு என்ன?

நண்பர்களே, நம்மில் பல பேர் வீட்டில் பாடத்தில் சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. அப்பா அம்மா பள்ளிக்கூட வாசலையே தாண்டாதவர்கள். விடை தெரிந்தவர்கள் பக்கத்தில் இல்லையே என்று நாம் அடிக்கடி சோர்ந்துபோகிறோம். டூரிங்குக்கும் விடை சொல்ல ஆள் கிடையாது. ஒவ்வொரு நள்ளிரவும் அவர் கையில் இருந்ததெல்லாம் ஒரே ஒரு தெரிந்த சொல்லும், எது இருக்க முடியாது என்று கண்டுபிடிக்கும் பொறுமையும்தான்.

லேபில் சர்க்யூட் வேலை செய்யவில்லையா? முதலில் சப்ளை இருக்கிறதா என்று பாருங்கள். அது தெரிந்த சொல். பிறகு ஒவ்வொரு கட்டமாக மல்டிமீட்டரை வைத்து, இங்கே தப்பு இல்லை, இங்கேயும் இல்லை என்று தள்ளிக்கொண்டே வாருங்கள். பாதியில் வைத்துப் பார்த்தால் ஒரே அளவையில் பாதி சர்க்யூட் கழிந்துவிடும். பரீட்சைக் கணக்கிலும், குறுக்கெழுத்திலும் இதே வழிதான். தப்பான விடை வந்தால் தாளைக் கசக்கி எறியாதீர்கள். அது ஏன் தப்பு என்று பார்த்தால், கூடவே இன்னும் பத்து தப்பு ஒதுங்கிப் போகும்.

அடுத்த ஞாயிறு பேப்பர் வந்ததும் பேனாவை எடுங்கள். கட்டத்தை நிரப்பும் முன், எந்த எழுத்து வராது என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நிமிடக் கணக்கில் முடியும். அந்த நேரத்தில் ஆலன் டூரிங்கை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.